கத்தரி மூட்டில் ஒரு பழுப்புப் புள்ளி

ஈப்போவில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அதன் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் இடத்தை ஒட்டி, நீளமான ஓர் அறை இருந்தது. மேல்மாடி அறுவைக்கூடத்தில் பயன்படுத்திய கத்தரி, இடுக்கி, கிளிப்பு எல்லாம் வாளியில் அங்கே இறங்கி வரும். கழுவி, துடைத்து, தட்டில் அடுக்கி, துணியில் பொதிந்து, ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவிக் கொப்பரையில் வேகவைத்து எடுத்தால் மறுபடி மேலே போகும். 1975 முதல் அந்த அறை ராக்காயியின் பொறுப்பில் இருந்தது.

நான் அங்கே பதிவேடு எழுதச் சேர்ந்தது 1984-இல். இதில் பெரும்பகுதியை ராக்காயி அக்காவே சொல்லக் கேட்டேன். மிச்சத்தை மங்களம் மிசி சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் பொருந்தாத இடங்கள் உண்டு. அங்கெல்லாம் ராக்காயி அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சில வருடம் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனார். ஊசியையும் கத்தரியையும் கொதிக்கவைத்து எடுப்பது அவர் வேலை. அங்கே ஒரு நாள் ஸ்பிரிட் புட்டி ஒன்று காணாமல் போனது. எல்லாரையும் விட்டுவிட்டு ராக்காயியின் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டுத் தூக்கும் வெற்றிலைப் பொட்டலமும் தரையில் உருண்டன. இரண்டு நாள் கழித்து அந்தப் புட்டி மருந்து அலமாரியின் பின்னாலேயே கிடைத்தது. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் தனியாக எதையும் எண்ணமாட்டார். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஆஸ்பத்திரியும் மூடிய பின் ஈப்போவுக்கு வந்தார். இங்கேயும் வாளி இறங்கியதும் கொண்டுவந்தவரை நிற்கவைத்துவிடுவார்.

"நில்லுலா. எத்தன இருக்குன்னு நீயும் பாரு. அப்புறம் பேச்சு வரக்கூடாது."

இதனால் அறுவைக்கூடத்து ஆட்களுக்கு அவர்மேல் எரிச்சல். மங்களம் மிசி ஒருவர்தான் சிரித்தபடி நின்று எண்ணிக் கொடுப்பார். மங்களம் அறுவைக்கூடத்தின் தலைமைத் தாதி; தாதியை இங்கே 'மிசி' என்போம். ராக்காயியைவிட எட்டு வயது இளையவர். இந்த வேலைக்கு ராக்காயியின் பெயரைச் சொல்லிவிட்டவரும் அவர்தான். வேலை நேரத்தில் அவர் 'மிசி', இவர் 'ராக்காயி'. வேலை முடிந்து பேருந்துக்கு நடக்கும்போது மட்டும் மங்களம் அவரை 'அக்கா' என்பார்.

1981 மார்ச்சில் கருப்பம்மாள் என்ற பெண்ணுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் அவள். பத்து நாளில் ஆறவேண்டிய புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. தையலின் ஓரத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. டாக்டர் சதாசிவம் மறுபடி புண்ணைத் திறந்து பார்த்தார். உள்ளே மணல்போல ஒரு பழுப்புத் துணுக்கு இருந்தது. அதற்கு முந்தின இரண்டு மாதத்தில் இதேபோல் ஆறாத புண் இரண்டு பேருக்கு வந்திருந்தது. அவற்றை யாரும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் டாக்டர் படியிறங்கி ராக்காயியின் அறைக்கே வந்துவிட்டார். கையில் ஓர் இடுக்கி. அதை அகல விரித்து, இரண்டு கால்களும் சேரும் மூட்டைக் காட்டினார்.

"இது என்னம்மா?"

ராக்காயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மூட்டின் இடுக்கில் கடுகைவிடச் சிறியதாக நாலைந்து பழுப்புப் புள்ளிகள்.

"துரு மாதிரி இருக்கு, டாக்டர்."

"எவர்சில்வர்ல துரு எப்படி வரும்?"

"அதான் எனக்கும் தெரியல. போன மாசமே ரெண்டு மூணுல பாத்தேன். ரத்தக் கறைன்னு நெனச்சு தேச்சுவிட்டேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

சொல்லியிருந்தால் 'நீ என்ன செய்தாய்' என்று கேட்பார்கள் என்று ராக்காயி பயந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாளே தாதியர் எல்லாருக்கும் மேலான மேட்ரன் வந்தார். அவர் சீனப் பெண்மணி. குரலை உயர்த்தாமல் மலாயில் பேசுவார். எந்தச் சோப்பு, எவ்வளவு நேரம், கழிப்பறை கழுவும் வெளுப்புத் திரவத்தை இதில் ஊற்றுகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ராக்காயி இல்லை என்றார். மேட்ரன் தலையாட்டிவிட்டு, அலமாரியில் இருந்த புட்டிகளை எல்லாம் மோந்து பார்த்தார். போகும்போது ஒரு நாற்காலியை எடுத்துவரச் சொன்னார். அடுத்த மூன்று நாளும் காலையில் ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ராக்காயி கழுவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் இன்னொரு கேள்வி வந்தது. "முன்பு வாங்கிய ஜெர்மன் கத்தரி, இடுக்கி எல்லாம் கணக்குப்படி இருக்கிறதா?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று ராக்காயிக்குப் புரிந்துவிட்டது. நல்ல சாமானை வெளியே கொடுத்துவிட்டு மட்டமானதை வைத்துவிட்டாள் என்று நினைக்கிறார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தரையில் உருண்ட சாப்பாட்டுத் தூக்கு கண்முன் வந்தது.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் மங்களம் ஆறுதல் சொன்னார்.

"நீங்க கவலப்படாதீங்க அக்கா. மேட்ரன்கிட்ட நான் சொல்லிட்டேன், ராக்காயி அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ சொல்லிட்டேன்."

"அப்ப யாரு மிசி?"

"சாமான்ல கோளாறா இருக்கும். புதுசா வாங்கினது எல்லாம் நூஹு கொண்டாந்ததுதானே?"

நூஹு பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு வந்து கடை வைத்தவர். முதலில் பாத்திர வியாபாரம். பிறகு மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சாமான் கொடுக்க ஆரம்பித்தார். மாதம் ஒருமுறை வெள்ளைச் சட்டையும் தோல் பையுமாக வருவார். ராக்காயியைப் பார்த்தால், "அக்கா, சாமான் எல்லாம் எப்படி உழைக்குது?" என்று கேட்காமல் போகமாட்டார். போன வருடத்திலிருந்து இங்கே வந்த கத்தரியும் இடுக்கியும் அவர் கொடுத்தவை. ராக்காயிக்கு அந்த விசாரிப்பு இப்போது வேறு மாதிரி பட்டது. ஒவ்வொரு மாதமும் எதற்காகக் கேட்டான்? கெட்டுப்போகும் என்று முன்னாலேயே தெரிந்துதான் கேட்டானா?

வீட்டில் கணவர் சன்னாசியிடம் சொன்னார். சன்னாசி ஜெலாப்பாங்கில் சமையலறைத் தொட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார்.

"இதுக்கு என்னா பெரிய விசாரண?" என்றார் அவர். "நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாது. ஒட்டுச்சுன்னா கலப்படம். எங்க பட்டறையில தகடு வந்ததும் மொதல்ல அதான் செய்வோம்."

உடைந்த வானொலியின் ஒலிபெருக்கியில் இருந்த காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தார். ராக்காயி அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனார். அறைக் கதவைச் சாத்திவிட்டு, நூஹு கொடுத்த கத்தரி ஒன்றின் பக்கத்தில் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இடுக்கியும் ஒட்டியது. கிளிப்பும் ஒட்டியது. பன்னிரண்டு சாமானை வைத்துப் பார்த்தார், பன்னிரண்டும் ஒட்டின. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்கிறவள் மேலேயே சந்தேகம் இருக்கும்போது யார் கேட்பார்கள்? தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். பள்ளி நோட்டுத் தாளில் நாலு வரி எழுதினார். 'நூஹு கொடுக்கும் சாமான் போலி. காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டும். நோயாளிகளைக் காப்பாற்றுங்கள்.' பெயர் போடவில்லை. டாக்டர் சதாசிவத்தின் தபால் தட்டில் மற்றக் கடிதங்களுக்கு அடியில் செருகிவிட்டு வந்தார்.

டாக்டர் அதை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே காந்தம் வைத்துப் பார்த்தார்கள். ஒட்டியது. நூஹுவை வரவழைத்தார்கள். அவர் என்னவோ விளக்கம் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அவர் வந்து, பிரிக்காத பெட்டிகளைத் திரும்ப எடுத்துப்போனார். ராக்காயி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டு நூஹு மருத்துவமனைக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யாருடைய ஜன்னலைத் தேடுகிறார் என்று தெரியாமல் ராக்காயி பின்னால் நகர்ந்துகொண்டார்.

கோலாலம்பூரிலிருந்து வேறொரு கம்பெனி சாமான் கொடுக்க ஆரம்பித்தது. மேட்ரனின் நாற்காலி காலியாகக் கிடந்தது. ராக்காயி நிம்மதியாகத் தூங்கினார்.

ஏழாவது வாரம் புதுக் கம்பெனியின் கத்தரி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூட்டில் பழுப்புப் புள்ளி.

காந்தத்தை எடுத்து வைத்தார், ஒட்டியது. இவனும் போலிதானா என்று நினைத்தபோதுதான் இன்னொன்று தோன்றியது. அடித்தட்டில் பழைய ஜெர்மன் கத்தரி ஒன்று இருந்தது. அவர் சேர்வதற்கு முன்பிருந்தே பளபளப்புக் குறையாமல் உழைப்பது. அதன் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனார்.

அதுவும் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாலு வரியும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பழையதை முதலில் வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியே இருக்கமாட்டார். அன்று வீட்டுக்குப் போய்ச் சன்னாசியைப் பிடித்துக்கொண்டார். சன்னாசிக்கும் புரியவில்லை. மறுநாள் பட்டறை மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"தொட்டி செய்யற எவர்சில்வர் வேற சாதியாம்லா. அது மெது. கத்தரிக்குக் கூர் நிக்கணும்னா பதம் போட்ட கடின எஃகு வேணுமாம். அது நல்லதா இருந்தாலும் காந்தத்துல ஒட்டத்தான் செய்யுமாம்."

"இத மொதல்லயே கேட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?"

"நீ கத்தரின்னு கேட்டே, நான் தகட்ட நெனச்சுச் சொல்லிட்டேன்."

நூஹு அலுவலகத்தில் சொல்லியிருக்கக்கூடிய விளக்கம் இதுவாகத்தான் இருக்கும்.

மேட்ரன் மறுபடி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை கேள்வியே இல்லை, பார்வை மட்டும்தான். சாமான் மாறியும் துரு மாறவில்லை. மாறாமல் இருப்பது கழுவுகிற கை ஒன்றுதானே. அப்படித்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். ராக்காயிக்கே தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. சோப்பை மாற்றினார். துடைத்த துணியை இரண்டு முறை அலசினார். ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு மூட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துரு வந்துகொண்டே இருந்தது.

பிறகுதான் கணக்கெடுக்க ஆரம்பித்தார். காலையில் நடக்கும் அறுவையின் வாளி உடனே இறங்கிவரும். சாமானில் ரத்தம் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். பிற்பகல் அறுவையின் வாளி அப்படியல்ல. நாலு மணிக்கு ராக்காயியின் வேலை முடிந்துவிடும் என்பதால் அது மறுநாள் காலையில்தான் வரும். ஆனால் போன வருடக் கடைசியிலிருந்து அதில் ரத்தம் காய்ந்திருக்காது, கழுவியதுபோல வரும். முதலில் அது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, தேய்க்கும் வேலை மிச்சம். இப்போது பிற்பகல் தட்டுகளுக்குச் சிவப்பு நூலும் காலைத் தட்டுகளுக்கு வெள்ளை நூலும் கட்டினார். மூன்று வாரம் பார்த்தார். புள்ளி விழுந்த பதினெட்டில் பதினேழு சிவப்பு நூல் தட்டில் இருந்தன.

அப்படியானால் அது இந்த அறையில் நடக்கவில்லை. மேலே, இரவு முழுக்க என்னவோ நடக்கிறது.

ஒரு புதன்கிழமை வேலை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, வாளி எடுக்கும் சாக்கில் அறுவைக்கூடத்துப் பின்னறைக்குப் போனார். பெரிய எவர்சில்வர் பேசின் ஒன்றில் நேற்றைய சாமான்கள் தண்ணீருக்கடியில் கிடந்தன. பேசினின் விளிம்பில், தண்ணீர் வற்றிய கோட்டில், வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. குப்பைத் தொட்டியில் நாலு காலிப் புட்டிகள். சீட்டில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். நோயாளிக்கு நரம்பில் ஏற்றுகிற, புண் கழுவுகிற, சேலைன். உப்புத் தண்ணீர்.

அவசரப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒருமுறை அவசரப்பட்டாயிற்று. நாலு ஜாம் புட்டிகளைக் கழுவி, கொதிநீராவியில் காயவைத்தார். இரண்டில் சேலைன், இரண்டில் காய்ச்சி வடித்த தண்ணீர். நூஹு கொடுத்த இடுக்கியில் இரண்டு, புதுக் கம்பெனி இடுக்கியில் இரண்டு என்று புள்ளி விழாததாகப் பார்த்துப் பொறுக்கி, இரண்டு வகைத் தண்ணீரிலும் ஒவ்வொன்றாகப் போட்டார். கொப்பரைக்குப் பின்னால் மறைத்துவைத்தார். ஐந்தாம் நாள் எடுத்துப் பார்த்தார். வெறும் தண்ணீரில் கிடந்த இரண்டும் பளிச்சென்று இருந்தன. உப்புத் தண்ணீரில் கிடந்த இரண்டிலும் மூட்டைச் சுற்றிப் பழுப்புப் புள்ளி. யார் கொடுத்த சாமானாக இருந்தாலும் ஒன்றுதான்.

சன்னாசியிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "தொட்டி வாங்குறவங்ககிட்ட நாங்களே சொல்லுவோம், கருவாட்ட ராத்திரி முழுக்க ஊறவைக்காதீங்கன்னு. மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு தோல் இருக்கு, உப்பு அதத் துளைச்சிடும். அதத்தானா நீ இத்தன மாசமா தேடிக்கிட்டு இருந்தே?"

பேசினில் சாமானை ஊறப்போடச் சொன்னது மங்களம்தான். அதை விசாரிக்கவே தேவையில்லை. அறுவைக்கூடத்தில் அவர் சொல்லாமல் எதுவும் நடக்காது. ராக்காயி இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். மேட்ரனிடம் தனக்காகப் பேசிய ஒரே ஆள் மங்களம். மூன்று தடவை பேசினாராம். ஒரு தடவை போதாதா? நூஹுவின் பெயரை முதலில் எடுத்ததும் அவர்தானே? இந்த யோசனை வந்ததும் ராக்காயிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் அது போகவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் வைத்தே கேட்டார்.

"மிசி, சாயங்காலச் சாமான உப்புத் தண்ணியிலயா போட்டு வைக்கிறீங்க?"

மங்களம் திரும்பிப் பார்த்தார். "ஆமா. ரத்தம் காயாம இருக்கத்தான். மிச்சம் இருக்கற சேலைன வீணா கொட்டறதுக்கு இப்படியாச்சும் ஆகட்டுமேன்னு. ஏன் அக்கா?"

"அதுலதான் துரு வருது."

"என்னா பேசறீங்க? பச்சப் புண்ணையே அதுலதான் கழுவறோம். மனுஷ ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதது இரும்ப என்னா பண்ணிடும்?"

ராக்காயி பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த நாலு இடுக்கிகளையும் காட்டினார். மங்களம் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"நாளையிலருந்து நிறுத்திடறேன்," என்றார் மங்களம். "யார்கிட்டயும் சொல்லவேண்டாம் அக்கா. மூணு பேரு புண்ணு ஆறாம கெடந்திருக்கு. தெரிஞ்சா என் சீருடையக் கழட்டிடுவாங்க. துரு நின்னுபோச்சுன்னா எல்லாரும் மறந்துடுவாங்க."

"ஏற்கெனவே புள்ளி விழுந்த சாமான்?"

"தேச்சு வெளக்கிடுங்க. கண்ணுக்குத் தெரியாது."

ராக்காயி சரி என்றார். அந்தச் 'சரி'யைப் பற்றிப் பேசும்போது, எத்தனை வருடம் கழிந்தும், அவர் குரல் இறங்கிவிடும்.

ஒரு வாரம் பொடி போட்டுத் தேய்த்தார். சாமான்கள் புதிதுபோல மின்னின. பேசினில் இப்போது உப்புத் தண்ணீர் இல்லை. புதுப் புள்ளியும் விழவில்லை. எட்டாம் நாள், கொப்பரையில் வெந்து ஆறிய இடுக்கி ஒன்றின் மூட்டைத் தையல் ஊசி முனையால் சும்மா நோண்டிப் பார்த்தார். ஊசி முனையில் கறுப்பாக மை போல ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்றை நோண்டினார், அதிலும் வந்தது. துரு தின்ற குழிக்குள் பழைய ரத்தமும் அழுக்கும் இறுகிப் போயிருந்தன. மேலே தேய்த்தால் மின்னும். உள்ளே அப்படியே இருக்கும். நீராவி அங்கே போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்லமுடியாது. அந்த இடுக்கி நாளைக் காலை ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றுக்குள் போகப்போகிறது.

இடுக்கி, ஊசி, நாலு ஜாம் புட்டி எல்லாவற்றையும் தட்டில் வைத்துக்கொண்டு படியேறி டாக்டர் சதாசிவத்தின் அறைக்குப் போனார். மேட்ரனையும் கூப்பிடச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "மொட்டக் கடுதாசி எழுதினது நான்தான் டாக்டர். நூஹுமேல தப்பு இல்ல," என்றார்.

டாக்டர் ஊசி முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த நாள் அறுவைகள் தள்ளிவைக்கப்பட்டன. அறுபத்து மூன்று சாமான்கள் ஒதுக்கப்பட்டன. பிற்பகல் வாளியை உடனே கழுவுவதற்கு மாலை வேலைக்கு இன்னோர் ஆள் வந்தது. மங்களம் அறுவைக்கூடத்திலிருந்து பிரசவ வார்டுக்கு மாற்றப்பட்டார், சீருடை தப்பியது. ராக்காயிக்குப் பெயரில்லாக் கடிதத்துக்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேட்ரன் மன்னிப்புக் கேட்கவில்லை. நாற்காலியை மட்டும் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். கருப்பம்மாளின் புண்ணை மறுபடி சுத்தம் செய்து தைத்தார்கள். அது ஆறியது; மற்ற இருவரில் ஒருவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டதால் அவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராக்காயி நூஹுவின் கடைக்குப் போனார். நூஹு உட்காரச் சொன்னார். அவர் மனைவி மெஹர்பானு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"அந்தக் கடுதாசிய நான்தான் எழுதினேன், தம்பி."

"தெரியும் அக்கா. டாக்டர் போன் பண்ணாரு."

"தப்பு பண்ணிட்டேன்."

நூஹு மேசையில் இருந்த ரசீதுப் புத்தகத்தைச் சரியாக வைத்தார். "பெரிய ஆஸ்பத்திரி நிறுத்திடுச்சுன்னதும் தாப்பா கிளினிக்கும் சிலிம் ரிவர் கிளினிக்கும் நிறுத்திட்டாங்க. போலி வியாபாரின்னு பேரு. பள்ளிவாசல்ல எங்கூட நின்னு தொழுத ஆளே கேட்டான், உண்மையான்னு. நீங்க இங்க என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே, என் சாமான் நல்ல சாமான்னு."

"நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"அங்க வந்து சொல்லுங்க."

ஒரு நாள் லீவு எடுத்து, ராக்காயி நாலு புட்டிகளோடு நூஹுவின் வேனில் ஏறினார். தாப்பா கிளினிக் டாக்டர் புட்டிகளைப் பார்த்து, கேள்வி கேட்டு, தன் நர்சைக் கூப்பிட்டு, "நாம எதுல ஊறவைக்கிறோம்?" என்று விசாரித்தார். மறு மாதமே நூஹுவுக்குப் பழைய ஆர்டரைக் கொடுத்துவிட்டார். சிலிம் ரிவர் டாக்டர் நம்பவில்லை. எவ்வளவு கொடுத்துக் கூட்டிவந்தாய் என்று நூஹுவிடமே கேட்டார். நூஹு எழுந்துவிட்டார். திரும்பும் வழியில் பீடோரில் வேனை நிறுத்தி, ராக்காயிக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கினார். அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் மறுபடி மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தபோது ஜன்னலுக்கு வெளியே நின்று, "அக்கா, சாமான் எப்படி?" என்று பழையபடி கேட்டார். ராக்காயி ஒவ்வொரு முறையும் உள்ளபடி சொன்னார்.

மங்களமும் ராக்காயியும் ஆறு வருடம் பேசிக்கொள்ளவில்லை. நான் சேர்ந்த புதிதில் இதை அறியாமல் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டு விழித்திருக்கிறேன்.

1987-இல் ராக்காயிக்குப் பித்தப்பையில் கல். அறுவை செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். ராக்காயி ஒரு நிபந்தனை போட்டார். கொப்பரையில் வைக்கும் முன் தனக்கான தட்டைத் தான் பார்க்கவேண்டும். கேட்டவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்குத் தட்டைக் கொண்டுவந்தது மங்களம். அந்த வருடம்தான் அவரை மறுபடி அறுவைக்கூடத்துக்கு எடுத்திருந்தார்கள். ராக்காயி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கத்தரி, இடுக்கி, கிளிப்பு என்று ஒவ்வொன்றாக விரித்து மூட்டைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. மங்களம் கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். ஒரே ஒரு கிளிப்பை ராக்காயி தனியாக எடுத்து வைத்தார். மங்களம் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறொன்று கொண்டுவந்து கொடுத்தார்.

"மிசி," என்றார் ராக்காயி. "அன்னிக்கி நூஹு பேர எடுத்தீங்களே. அப்பவே தெரியுமா, உப்புத் தண்ணிதான்னு?"

மங்களம் தட்டைத் துணியில் பொதிந்து முடித்தார்.

"அன்னிக்கித் தெரியாது அக்கா. புதுக் கம்பெனி சாமான்லயும் வந்துச்சே, அப்ப தெரிஞ்சுது. நீங்க கேக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. மேட்ரன் உங்க எதிரில உக்காந்திருந்த மாசம்."

ராக்காயி தலையணையில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு நீங்கதானே எடுத்துக் குடுப்பீங்க?"

"நான்தான். வேற மிசி வேணும்னா சொல்லுங்க, மாத்திடச் சொல்றேன்."

"வேணாம்," என்றார் ராக்காயி. "நீங்களே நில்லுங்க. உள்ள போறது எத்தன, வெளிய வர்றது எத்தன, ரெண்டையும் எண்ணி எனக்குச் சொல்லணும்."

மறுநாள் மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் மங்களம் நின்றிருந்தார். முப்பத்து நாலு போனது, முப்பத்து நாலும் வந்தது என்றார். ஒன்பதாம் நாள் தையல் பிரித்தார்கள். புண் சுத்தமாக ஆறியிருந்தது. ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு ராக்காயி கீழ்த்தளத்து அறைக்குத் திரும்பினார். இன்னும் இரண்டு வருடம் வேலை பார்த்தார். மங்களத்தோடு பேச ஆரம்பித்தார். ஆனால் பேருந்து நிறுத்தத்துக்கு இருவரும் சேர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.